கையால் சாயமிட்ட மெரினோ நூலில் இரண்டு நிற நெக் வார்மர்: முதன்முறை பின்னுபவர்களுக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் பாம்பனில் எங்கள் தெரு முழுக்க வலையாகத்தான் கிடக்கும். அப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வலையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, கிழிந்த கண்ணிகளைச் சரிசெய்துகொண்டிருப்பார். நான் திண்ணையில் கம்பளி நூலோடு உட்கார்ந்திருப்பேன். இந்த வெக்கையில் கம்பளியா என்று கேட்காத ஆளில்லை. என் தம்பி ராணுவத்தில் வண்டி ஓட்டுகிறான், லே பக்கம் பணி. கடல் மட்டத்திலிருந்து சுமார் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிற ஊர். ஜனவரி இரவுகளில் மைனஸ் 15 டிகிரிக்குப் போவது அங்கே சாதாரணம். தடைக்காலத்தில் ஊசியை எடுத்தால் குளிர் தொடங்கும் முன் தபாலில் சேர்த்துவிடலாம்.

குன்னூரில் இரண்டு வருடம் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்ட பின்னல் இது. இப்போது மகன் கனடாவில், கணவர் கப்பலில், பேத்தி லண்டனில் என்று சொல்லிக்கொண்டு அக்கம்பக்கத்துப் பெண்கள் கற்றுக்கொள்ள வருகிறார்கள். அவர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

பின்னப் போவது தலைவழியே மாட்டிக்கொள்ளும், குழாய் மாதிரியான ஒரு மப்ளர். கடைகளில் நெக் வார்மர் என்பார்கள். சுற்றளவு ஏறத்தாழ 55 சென்டிமீட்டர், உயரம் 24 சென்டிமீட்டர். அடர் நிறத்தில் சட்டம், அதன் நடுவே வெளிர் நிறத்தில் கட்டங்கள். தள்ளி நின்று பார்த்தால் விரித்துப் போட்ட வலை மாதிரி இருக்கும்.

இரண்டு நிறப் பின்னல் என்றதும் பலர் இரண்டு நூலையும் ஒரே நேரத்தில் பிடித்துப் பின்னுகிற முறையில் இறங்கிவிடுகிறார்கள். அதில் பயன்படாத நூல் பின்பக்கம் நீளமாக ஓடும். அது கொஞ்சம் இறுகினாலும் துணி சுருங்கிவிடும், முதல் முயற்சியிலேயே மனம் விட்டுப்போகும். நான் சொல்லும் முறையில் ஒரு சுற்றில் ஒரு நிற நூல் மட்டும்தான் கையில் இருக்கும். இன்னொரு நிறம் வேண்டிய இடத்தில், கீழ் வரிசைக் கண்ணியைப் பின்னாமல் அப்படியே அடுத்த ஊசிக்கு நகர்த்திவிடுவோம். அவ்வளவுதான் விஷயம்.

வலைக்கண்ணியும் பின்னல் கண்ணியும்

எங்கள் கடற்கரைப் பெண்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதுவே சிக்கலும்கூட. நூலும் ஊசியும் கைக்குப் புதிதல்ல. கண்ணி என்ற சொல்லும் புதிதல்ல. ஆனால் வலையில் ஒவ்வொரு கண்ணியும் ஒரு முடிச்சு. அதை இழுத்து இறுக்கினால்தான் நிற்கும், ஒரு கண்ணி அறுந்தாலும் பக்கத்துக் கண்ணி அசையாது. கம்பளிப் பின்னலில் முடிச்சே கிடையாது. ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையம், அதற்குள் இன்னொன்று. ஊசியை உருவிவிட்டு நூலை இழுத்தால் மொத்தமும் சரசரவென்று பிரிந்துவிடும்.

வலை பிடித்துப் பழகிய கை ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சுண்டு சுண்டும். என் சித்தி மகள் முதல் தடவை பின்னியபோது, பத்தாவது வரிசையில் கண்ணிகள் ஊசியை விட்டு நகரவே மறுத்தன. பின்னலில் கண்ணியின் அளவை ஊசியின் தடிமன்தான் தீர்மானிக்க வேண்டும், கை தீர்மானிக்கக் கூடாது. நூலை ஆள்காட்டி விரல்மேல் சும்மா ஓடவிடுங்கள். பின்னி முடித்த கண்ணி ஊசிமேல் தானாக வழுக்கி நகர வேண்டும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: இழுக்காதீர்கள். இரண்டு நிறம் வரும்போது இது இன்னும் முக்கியம்.

நூல்

நம் பக்கத்து ஆடுகள் கம்பளிக்கு ஆகாது. ராமநாதபுரம் வெள்ளை என்கிற நம் ஊர் இனத்துக்கு உடம்பில் இருப்பது முடி. இறைச்சிக்காகவே வளர்க்கிறார்கள். தமிழ்நாட்டில் மென்மையான கம்பளி தருவது நீலகிரி இனம்தான். 19ஆம் நூற்றாண்டில் டாஸ்மேனியாவின் மெரினோ, செவியட், சவுத்டவுன் கிடாக்களோடு உள்ளூர் ஆடுகள் கலந்து உருவான இனம் அது. ஊட்டிக்குப் பக்கத்தில் சாண்டிநல்லாவில் அதற்கென்று ஓர் ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. ஆனால் கையால் சாயமிட்ட மெரினோ என்று இந்தியாவில் சிறு தொழிலாகச் செய்து விற்பவர்கள் பெரும்பாலும் இறக்குமதி நூலைத்தான் சாயமிடுகிறார்கள். கூரியரில் வாங்கிக்கொள்ளலாம்.

மெரினோ ஏன்? கழுத்தில் உரசாது. மெரினோ இழை 24 மைக்ரானுக்கும் மெல்லியது. நம் தலைமுடி சுமார் 70 மைக்ரான். தடித்த கம்பளியின் இழை முனைகள் தோலில் குத்தும், மெல்லிய இழை வளைந்துகொடுத்துவிடும். சாதாரணக் கம்பளி மப்ளர் போட்டுக் கழுத்தெல்லாம் சிவந்துபோனவர்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

வாங்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள். தடிமன் டிகே என்று இருக்க வேண்டும், அதாவது 100 கிராமுக்கு 210 முதல் 230 மீட்டர் வரை. அதைவிட மெல்லிய நூல் புதியவரின் பொறுமையைச் சோதிக்கும். இரண்டாவது, சூப்பர்வாஷ் நூலா என்று பாருங்கள். கம்பளி இழையின்மேல் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் கசக்கலும் பட்டால் அவை ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு துணி தட்டையாகச் சுருங்கிவிடும். சூப்பர்வாஷ் நூலில் அந்தச் செதில்களை மழுங்கடித்து, மேலே மெல்லிய பூச்சு கொடுத்திருப்பார்கள். வாளியில் துவைக்கிறவர்களுக்கு அனுப்பப் போகிறீர்கள் என்றால் இதுவே நல்லது. மூன்றாவது அளவு. அடர் நிறம் 40 கிராம், வெளிர் நிறம் 20 கிராம் செலவாகும். மாதிரித் துண்டையும் சேர்த்து ஒவ்வொன்றிலும் 50 கிராம் வாங்கிவிடுங்கள். கையால் சாயமிட்ட நூலில் அதே நிறம் மறுபடி கிடைக்கும் என்று நம்ப முடியாது. ஒரே பானையில் சாயமிட்ட இரண்டு சிட்டங்களே, அதாவது நூல் கற்றைகளே, லேசாக வேறுபடும்.

ஊசி விஷயத்தில் என் அனுபவத்தைச் சொல்லிவிடுகிறேன். 4 மில்லிமீட்டர் தடிமன், 40 சென்டிமீட்டர் நீளமுள்ள வட்ட ஊசி வேண்டும். இரண்டு முனையையும் நடுவே ஒரு ஒயர் இணைத்திருக்கும். முதலில் நான் வாங்கியது விலை குறைந்த, முலாம் பூசிய ஊசி. ஐப்பசி மழையில் பாதிப் பின்னலை ஊசியோடு அப்படியே பெட்டியில் வைத்துவிட்டேன். பதினைந்து நாள் கழித்து எடுத்தால், உப்புக் காற்றில் முலாம் பொத்துப்போய், க்ரீம் நிற நூலில் வரிசையாகத் துருப் புள்ளிகள். எதைப் போட்டும் போகவில்லை. அந்தப் பகுதியையே வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. கடலோரத்தில் இருப்பவர்கள் மூங்கில் ஊசி வாங்குங்கள். சூப்பர்வாஷ் மெரினோ வழுக்கும் நூல், மூங்கில் அதைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். புதியவருக்கு அதுவும் ஓர் உதவி.

இவை தவிர ஒரு மழுங்கிய முனையுள்ள பெரிய காது ஊசி, ஏழெட்டு ஊக்கு, ஒரு குரோஷா ஊசி, இஞ்ச் டேப். கோணி ஊசி வேண்டாம், அதன் கூர்முனை நூலைப் பிளந்துவிடும்.

நிறம் பொருந்துகிறதா?

கையால் சாயமிட்ட நூல் மூன்று விதமாக வரும். ஒரே நிறத்தில் அடர்த்தி ஏறி இறங்குவது ஒன்று. நான்கைந்து நிறங்கள் மாறி மாறி வருவது ஒன்று. வெள்ளைமேல் புள்ளி தெளித்தது ஒன்று. சிட்டமாகப் பார்க்கும்போது பல நிற நூல்தான் கண்ணைப் பறிக்கும். அதில் இரண்டை எடுத்துப் பின்னினால் டிசைன் என்று எதுவும் தெரியாது, எல்லாம் குழம்பிவிடும். பல நிற நூல் ஒன்று வேண்டும் என்று ஆசைப்பட்டால், மற்றது சாயம் போடாத வெள்ளையாகவோ ஒரே நிறமாகவோ இருக்கட்டும்.

அப்புறம் ஒரு சோதனை. இரண்டு சிட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றுங்கள். ஒன்று கருத்தும் ஒன்று வெளுத்தும் தெரிந்தால் சரி. இரண்டும் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் அந்த ஜோடி வேண்டாம். சிவப்பும் பச்சையும் நேரில் எவ்வளவு எதிரெதிராக இருந்தாலும் இந்தப் படத்தில் பல சமயம் ஒன்றாகிவிடும். பின்னலிலும் அப்படியே மங்கிப்போகும். தம்பிக்கு நான் எடுத்தது நடுக்கடல் நீலமும் பனங்குருத்து நிறமும். மன்னார் வளைகுடாப் பக்கம் தண்ணீர் ஆழமாகும் இடத்தில் ஒரு நீலம் இருக்கும், பார்த்தவர்களுக்குத் தெரியும், அந்த நீலம். சீருடையோடு இதைப் போட முடியாது, அறையில் இருக்கும்போதும் விடுப்பில் வரும்போதும் போடுவதற்குத்தான். அதனால் நிறத்தில் தயங்கவில்லை.

சாயம் இறங்குகிறதா?

இதைத் தவிர்த்துவிட்டு நேராகப் பின்ன ஆரம்பித்து, முடித்துத் துவைக்கும்போது வெள்ளையெல்லாம் நீலமாகி அழுதவர்கள் உண்டு. ஒரு முழ நூலை வெட்டி, வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, வெள்ளைத் துணியில் வைத்து அழுத்துங்கள். கறை படவில்லையா, கவலையில்லை. பட்டால், சிட்டத்தை முழுசாக ஊறவைத்து அலசுங்கள். ஒட்டாமல் மிச்சமிருக்கும் சாயம் மூன்று நான்கு அலசலில் போய், தண்ணீர் தெளிந்துவிடும். எத்தனை அலசினாலும் நிறம் வந்துகொண்டே இருந்தால் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம்.

நம் வீடுகளில் புதுச் சுங்குடிச் சேலையைக் கல்லுப்புத் தண்ணீரில் ஊறப்போடுவார்கள். அதே நினைவில் கம்பளியையும் உப்பில் போடாதீர்கள், பலன் இருக்காது. கம்பளியில் ஏற்றும் அமிலச் சாயத்துக்குப் புளிப்பும் வேண்டும், சூடும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் போதாது. பச்சைத் தண்ணீரில் வினிகர் ஊற்றி வைப்பதும் அதனால்தான் வீண். நூல் நன்றாக மூழ்கும் அளவுக்குத் தண்ணீர் எடுத்து, லிட்டருக்கு இரண்டு மேசைக்கரண்டி வெள்ளை வினிகர் சேருங்கள். மளிகைக் கடை எலுமிச்சை உப்பு என்றால் லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. நூலைத் தண்ணீர் குளிர்ந்திருக்கும்போதே போட்டு, மெதுவாகச் சூடேற்றுங்கள். ஓரத்தில் சின்னச் சின்னக் குமிழி வரும்போது அடுப்பைக் குறைத்துவிட வேண்டும், தளதளவென்று கொதிக்கக் கூடாது. அப்படியே அரை மணி நேரம். கிளறாதீர்கள். அடுப்பை அணைத்து, அதே பாத்திரத்தில் ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். சாயம் பிடித்திருந்தால் காலையில் தண்ணீர் தெளிவாக இருக்கும். அந்தப் பாத்திரத்தைச் சமையலுக்குத் திரும்ப எடுக்க வேண்டாம். நூலுக்கென்று ஒரு பழைய எவர்சில்வர் பாத்திரம் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அவுரி, மாதுளைத் தோல் மாதிரி இயற்கைச் சாயம் போட்ட நூலுக்கு இந்த வைத்தியம் பொருந்தாது. அதை விற்றவரிடமே கேளுங்கள்.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் பல வீடுகளில் போர் தண்ணீர் உப்பும் சுண்ணாம்பும் கலந்ததுதான். அதில் நுரை எழும்பாது, நூல் காய்ந்த பிறகு தொட்டால் மொரமொரவென்று இருக்கும். வினிகரின் புளிப்பையும் அந்தச் சுண்ணாம்பு தின்றுவிடும். சாயம் பிடிக்கவைக்கவும் கடைசி அலசலுக்கும் கேன் தண்ணீரோ பிடித்துவைத்த மழைத் தண்ணீரோ எடுங்கள். ஒரு கேனில் இரண்டு வேலையும் முடிந்துவிடும்.

சிட்டத்தை உருண்டையாக்குவது

கையால் சாயமிட்ட நூல் முறுக்கி மடித்த சிட்டமாகத்தான் வரும். அப்படியே பின்ன ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் சிக்கிவிடும். முறுக்கை அவிழ்த்ததும் ஒரு பெரிய வளையம் கிடைக்கும். மூன்று நான்கு இடங்களில் சின்ன நூலால் கட்டியிருப்பார்கள். அந்தக் கட்டுகளை உடனே வெட்டாதீர்கள்! முதலில் வளையத்தை ஒரு நாற்காலியின் முதுகில் மாட்டுங்கள், அல்லது வீட்டில் யாரையாவது இரண்டு கையையும் நீட்டச் சொல்லி அதில் மாட்டுங்கள். இழைகள் முறுக்கிக்கொள்ளாமல் பக்கம் பக்கமாக ஓடுகின்றனவா என்று விரலை விட்டுத் தடவிப் பாருங்கள். பிறகு கட்டுகளை ஒவ்வொன்றாக வெட்டுங்கள். அதில் ஒரு கட்டு நூலின் இரு முனையும் சேர்ந்த முடிச்சாக இருக்கும். அங்கிருந்து ஒரு முனையை எடுத்துச் சுற்றத் தொடங்குங்கள்.

நூல் வராமல் நின்றால் இழுக்க வேண்டாம். எந்த இழைக்குக் கீழே மாட்டியிருக்கிறது என்று பார்த்து, உருண்டையை அதன் கீழே நுழைத்து எடுங்கள். சுற்றும்போதும் இரண்டு விரலை உள்ளே வைத்து விரல்மேல் சுற்றி, விரலை உருவிக்கொண்டு திசை மாற்றுங்கள். உருண்டை அமுக்கினால் பஞ்சு மாதிரி அமுங்க வேண்டும். இறுக்கிச் சுற்றிய நூல் நீண்டபடியே இருக்கும், பின்னித் துவைத்தபின் சுருங்கும்.

மாதிரித் துண்டு

30 கண்ணி ஏற்றி (ஊசியில் முதல் வரிசை வளையங்களைப் போடுவதுதான் ஏற்றுவது), ஒரு வரிசை நிட், மறு வரிசை பர்ல் என்று 12 சென்டிமீட்டர் பின்னுங்கள். அதைத் துவைத்து, காயவைத்து, பிறகுதான் அளக்க வேண்டும். சூப்பர்வாஷ் நூல் நனைந்தால் நெகிழும். 10 சென்டிமீட்டர் அகலத்துக்குள் 21 கண்ணி இருந்தால் சரி. 23, 24 என்று வந்தால் உங்கள் கை இறுக்கம், 4.5 ஊசிக்குப் போங்கள். 19 வந்தால் 3.5 ஊசி. முதன்முறை பின்னுபவருக்கு இந்தத் துண்டுதான் பயிற்சிக் களமும்.

நிட் என்பது இப்படி: கண்ணிகள் இருக்கும் ஊசி இடது கையில், காலி ஊசி வலது கையில், நூல் பின்பக்கம். வலது ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னிருந்து பின்னாக, இடப்புறத்திலிருந்து வலப்புறமாகச் சாய்த்து நுழையுங்கள். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் முனைமேல் நூலை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். அந்தச் சுற்றோடு வலது ஊசியைக் கண்ணி வழியாக முன்னால் இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவவிடுங்கள். பர்ல் இதற்கு நேரெதிர். நூல் முன்பக்கம் இருக்கும், ஊசியைப் பின்னிருந்து முன்னாக, வலப்புறத்திலிருந்து நுழைத்து, நூலைச் சுற்றிப் பின்பக்கமாகத் தள்ள வேண்டும். எழுத்தில் படிக்கும்போது தலை சுற்றும். கையில் ஊசியை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வாக்கியமாகச் செய்து பாருங்கள், ஐம்பதாவது கண்ணியில் கை பிடித்துக்கொள்ளும்.

விடியற்காலையில் உட்காருங்கள். மதிய வெக்கையில் விரல் வியர்த்தால் நூல் ஊசியோடு ஒட்டும், கை தானாக இறுகும்.

கண்ணி ஏற்றி வட்டமாக்குவது

அடர் நிற நூலில் 120 கண்ணி ஏற்றுங்கள். வால் நூல் வைத்து ஏற்றும் முறை என்றால் முதலிலேயே இரண்டு மீட்டர் வால் விட்டுவிடுங்கள், 110ஆவது கண்ணியில் நூல் தீர்ந்துபோவது பெரிய வேதனை. ஏற்றும்போது வட்ட ஊசியின் இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து, இரண்டின்மேலும் கண்ணி போடுங்கள். முடித்ததும் ஒன்றை உருவிவிட்டால் ஓரம் தளர்வாக இருக்கும். இறுகிய ஓரம் தலைவழியே இறங்காது. 20 கண்ணிக்கு ஒரு ஊக்கு மாட்டிக்கொண்டே போனால் எண்ணுவது சுலபம்.

இப்போது நிதானமாகச் செய்ய வேண்டிய ஓர் இடம். ஊசியை மேசைமேல் வட்டமாக வையுங்கள். கண்ணிகளின் அடி ஓரம், அந்தக் கயிறு மாதிரியான விளிம்பு, வட்டம் முழுக்க உள்பக்கமாகவே பார்க்க வேண்டும். ஒரு இடத்திலாவது அது ஊசியைச் சுற்றி ஏறியிருந்தால் பின்னல் முழுவதும் முறுக்கிக்கொள்ளும். பிரிப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. விரலால் விளிம்பைத் தொட்டுக்கொண்டே ஒரு சுற்று வந்து பாருங்கள். சரியாக இருந்தால், கடைசியாக ஏற்றிய கண்ணியிலிருந்து வரும் நூலால் முதல் கண்ணியைப் பின்னுங்கள். வட்டம் சேர்ந்துவிட்டது. அந்த இடத்தில் வேறு நிற நூலில் ஒரு சின்ன வளையம் போட்டு ஊசியில் கோத்துவிடுங்கள், சுற்று எங்கே தொடங்குகிறது என்று அதுதான் சொல்லும்.

முதல் 8 சுற்று: 2 நிட், 2 பர்ல், திரும்பத் திரும்ப. இந்த ஓரம்தான் கழுத்தைப் பிடித்துக்கொள்ளும்.

வலைக்கண் டிசைன்

மொத்தம் 8 சுற்று ஒரு தொகுதி.

1, 2: அடர் நிறம். எல்லாம் நிட்.
3, 4: வெளிர் நிறம். 3 நிட், 1 நகர்த்து, கடைசிவரை இப்படியே.
5, 6: அடர் நிறம். எல்லாம் நிட்.
7, 8: வெளிர் நிறம். 1 நிட், 1 நகர்த்து, 2 நிட், கடைசிவரை இப்படியே.

நகர்த்துவது என்றால், நூலைப் பின்பக்கமே விட்டுவிட்டு, பர்ல் போடப் போவது போல வலது ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, பின்னாமல் அப்படியே வலது ஊசிக்கு மாற்றுவது. நிட் போடுவது போல நுழைத்தால் கண்ணி முறுக்கிக்கொள்ளும்.

3ஆவது சுற்றிலும் 7ஆவது சுற்றிலும் மட்டும்தான் எண்ண வேண்டும். அதற்கு அடுத்த சுற்றில் கண்ணே சொல்லிவிடும். வெளிர்க் கண்ணி வந்தால் பின்னு, அடர்க் கண்ணி வந்தால் நகர்த்து. என்னிடம் கற்க வரும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகூட இதை வைத்துத்தான் தப்பில்லாமல் போகிறது.

நகர்த்திய கண்ணியைத் தாண்டும் இடத்தில்தான் வலைக்காரக் கை வேலையைக் காட்டும். அந்தக் கண்ணியின் பின்னால் நூல் ஒரு சின்னப் பாலம் மாதிரி ஓடுகிறது. அடுத்த நிட் போடும் முன், வலது ஊசியில் இருக்கும் கண்ணிகளை விரலால் லேசாக அகட்டிவிடுங்கள். அந்த அகலத்துக்குப் பாலம் நீளட்டும். அகட்டாமல் பின்னினால் பாலம் குட்டையாகி, அந்த இடத்தில் துணி குறுகும். நான்கு கண்ணிக்கு ஒரு பாலம் வருகிறது, ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால்கூடச் சுற்றளவில் மூன்று சென்டிமீட்டர் போய்விடும்.

நிறம் மாற்றும்போது நூலை வெட்ட வேண்டாம். ஓய்வில் இருக்கும் நூல் உள்பக்கம் தொங்கட்டும். இரண்டு சுற்று கழித்து அதை எடுக்கும்போது, விட்ட நூலுக்கு அடியிலிருந்து எடுங்கள், தளர்வாக. நிறம் மாறும் இடத்தில் ஒரு சின்னப் படி தெரியும். அது பின்கழுத்துப் பக்கம் போய்விடும், கவலைப்பட வேண்டாம்.

வெளிர் நிறச் சுற்று ஒன்று முடிந்ததும் பின்னலைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடர் நிறக் கண்ணிகள் வேலிக்கால் மாதிரி ஒரே இடைவெளியில் நிற்க வேண்டும், ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவே மூன்று வெளிர்க் கண்ணி. எங்காவது இரண்டோ நான்கோ இருந்தால் அங்கே தப்பு. அப்போதே அந்த இடம்வரை ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கி அவிழ்த்துச் சரிசெய்தால் ஐந்து நிமிட வேலை. பத்து சுற்றுத் தாண்டிப் பார்த்தால் ஒரு சாயங்காலம் போய்விடும். ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவி ஏணி மாதிரி கீழே இறங்கிவிட்டால் உடனே ஊக்கை அதில் குத்திவிடுங்கள், மேலும் இறங்காது. பிறகு குரோஷா ஊசியால் ஏணியின் ஒவ்வொரு படியையும் வளையத்துக்குள் இழுத்து மேலே கொண்டுவாருங்கள்.

இந்த 8 சுற்றுத் தொகுதியை 8 தடவை. அதன்பின் அடர் நிறத்தில் 2 சுற்று நிட். வெளிர் நூலைப் பத்து சென்டிமீட்டர் விட்டு வெட்டிவிடலாம். மறுபடி 2 நிட், 2 பர்ல் என்று 8 சுற்று. தினம் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இரண்டு மூன்று வாரத்தில் இங்கே வந்துவிடுவீர்கள்.

முடிப்பதும் துவைப்பதும்

கடைசிச் சுற்றில் இரண்டு கண்ணி பின்னி, முதல் கண்ணியை இரண்டாவதின்மேல் தாண்டவிடுங்கள். இன்னொன்று பின்னி, மறுபடி தாண்டவிடுங்கள். நிட் வரும் இடத்தில் நிட், பர்ல் வரும் இடத்தில் பர்ல். வலது கையில் 4.5 ஊசி இருந்தால் நல்லது, ஓரம் நெகிழ்வாக வரும். நூல் முனைகளை மழுங்கிய ஊசியில் கோத்து, உள்பக்கம் ஏழெட்டு சென்டிமீட்டர், அடரை அடரிலும் வெளிரை வெளிரிலும் நுழைத்து மறையுங்கள்.

இப்போது பார்த்தால் பின்னல் மேடும் பள்ளமுமாகத்தான் இருக்கும். ஒரு குளியல் அதைச் சரிசெய்யும். வெதுவெதுப்பான கேன் தண்ணீரில் இரண்டு சொட்டு ஷாம்பு. துணி சோப்பும் சலவைத்தூளும் காரம், கம்பளியை அரித்துவிடும். இருபது நிமிடம் ஊறட்டும். கசக்காமல் அலசி, இரண்டு கையாலும் ஏந்தி எடுங்கள். ஒரு முனையைப் பிடித்துத் தூக்கினால் தண்ணீர்ப் பாரத்தில் நீண்டுவிடும். துண்டில் வைத்துச் சுருட்டி, மேலே ஏறி மிதித்து ஈரத்தை இறக்குங்கள்.

காயவைப்பதற்கு நம் ஊரில் ஓர் அருமையான பொருள் இருக்கிறது: பனையோலைப் பாய். கட்டில்மேல் அதை விரித்து, மேலே ஒரு வெள்ளைத் துணி போட்டு, நெக் வார்மரை 27 சென்டிமீட்டர் அகலம், 24 சென்டிமீட்டர் உயரம் என்று நீவிவிட்டுப் படுக்கவையுங்கள். அடியிலும் காற்று ஓடும். ஆடிக் காற்றில் ஒரே நாளில் காய்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை என்றால் மின்விசிறிக்குக் கீழே மூன்று நாள்கூட ஆகும், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்கள். மாடியில் வெயிலில் போட வேண்டாம். வெயில் நிறத்தை உறிஞ்சும், கடற்காற்று உப்பைப் பூசிவிட்டுப் போகும். உப்பு ஈரத்தை இழுக்கும், அப்புறம் அது காயவே காயாது.

நன்றாகக் காய்ந்தபின்தான் பை. ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டு மூடுங்கள். கம்பளியை அரிக்கும் பூச்சி வியர்வையும் அழுக்கும் பட்ட இடத்தைத்தான் முதலில் தேடும். அதனால் அழுக்கோடு எடுத்துவைக்கக் கூடாது, ஒரு தடவை போட்டுப் பார்த்திருந்தாலும்கூட.

தபாலில் அனுப்பும்போது ஒவ்வொரு நிறத்திலும் ஐந்து மீட்டர் நூலைச் சின்ன உருண்டையாகச் சுற்றிக் கூட வையுங்கள், கிழிந்தால் அதே நூலில் கோக்கலாம். ஒரு துண்டுச் சீட்டும் வையுங்கள். நான் தம்பிக்கு எழுதியது இவ்வளவுதான்: "வெந்நீரில் போடாதே. ஷாம்பு போதும். முறுக்கிப் பிழியாதே. கொடியில் தொங்கவிடாதே, போர்வைமேல் விரித்துக் காயவை. கிழிந்தால் இழுக்காமல் ஊக்குக் குத்தி வை, லீவில் வரும்போது அக்கா பார்த்துக்கொள்கிறேன்."